பல் இருக்கிறது, சீட்டு எங்கே? – டைனோசர் பல் சேர்த்தவர்களின் கதை



மலர்க் குழுவிலிருந்து போன் செய்தவர்கள், "ஹாஸ்டல் நினைவுகள் நிறைய வந்தாச்சு, நீ வேற ஏதாவது எழுது" என்றார்கள். நல்லதாகப் போயிற்று. மெஸ் சாம்பாரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல இனி என்ன இருக்கிறது? அதனால் என் பொழுதுபோக்கின் வரலாற்றை எழுதுகிறேன். சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், சிலர் பழைய காசு சேர்ப்பார்கள். நான் சேர்ப்பது டைனோசர் பல்.

சிரிக்க வேண்டாம். என் அலமாரியில் இப்போது ஆறு பற்கள் இருக்கின்றன. "சொந்தப் பல்லுக்கு டாக்டர்கிட்ட போக நேரமில்லை, செத்துப்போனதோட பல்லுக்கு மட்டும் நேரம் இருக்கு" என்பது வீட்டில் அடிக்கடி கேட்கும் வசனம். ஆனால் இந்த ஆறு பற்களுக்குப் பின்னால் இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் நடந்தது. அதைத் தொடர்ந்து எழுத வேண்டிய பொறுப்பு நம்மைப் போன்ற இஞ்சினியர்களுக்கும் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

ஏன் பல்?

டைனோசர் என்றால் மியூசியத்தில் நிற்கும் பெரிய எலும்புக்கூடுதான் நினைவுக்கு வரும். ஆனால் முழு எலும்புக்கூடு கிடைப்பது அபூர்வம். பல் கிடைப்பது அவ்வளவு அபூர்வம் இல்லை. காரணம் இரண்டு.

முதல் காரணம் எனாமல். பல்லின் மேலுறை எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாதுப்பொருள். எலும்பு மழையிலும் வெயிலிலும் நொறுங்கிப் போனாலும் எனாமல் தாங்கும்.

இரண்டாவது காரணம், டைனோசருக்குப் பல் விழுந்து முளைப்பது வாழ்நாள் முழுக்க நடந்த வேலை. நமக்குப் பால்பல் ஒருமுறை விழுவதோடு சரி. பல்லின் உள்ளே தினம் ஒன்றாகப் படியும் மெல்லிய கோடுகளை எண்ணிப் பார்த்து, டிப்ளோடோகஸ் ஒவ்வொரு பல் குழியிலும் 35 நாளைக்கு ஒரு புதுப் பல்லைக் கொண்டுவந்தது என்றும், கமாராசாரஸ் 62 நாளைக்கு ஒன்று என்றும் 2013-இல் ஒரு ஆய்வில் கணக்கிட்டார்கள். ஒரே ஒரு மிருகம் தன் ஆயுளில் எத்தனை பல்லை உதிர்த்திருக்கும் என்று பாருங்கள்!

இஞ்சினியர் கண்ணுக்கு இன்னொரு சுவாரசியமும் உண்டு. மாமிசம் தின்னும் டைனோசரின் பல் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும். டைரனோசாரஸ் வகைப் பற்களில் இரண்டு ரம்பப் பற்களுக்கு இடையிலுள்ள பிளவின் அடியில் ஒரு சின்ன வட்டக் குழி இருக்கும். ஸ்டீல் பிளேட்டில் விரிசல் ஓடினால் அதன் நுனியில் ஒரு ஓட்டை போட்டு மேலே ஓடாமல் நிறுத்துவோமே, அதே வேலையை இந்தக் குழி செய்கிறது என்று வில்லியம் ஏப்லர் என்ற ஆய்வாளர் 1990களில் எழுதினார். ஸ்ட்ரெஸ் கான்சன்ட்ரேஷனில் அரியர் வைத்தவர்கள் இந்த மிருகத்தைப் பார்த்துப் பொறாமைப்படலாம்.

ஒரு டாக்டரின் பைத்தியம்

பல் சேர்த்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் இங்கிலாந்தில் சஸெக்ஸ் பகுதியில் இருந்த டாக்டர் கிடியன் மான்டெல். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் கல்லும் எலும்பும்தான். 1820களின் தொடக்கத்தில் அவருக்குச் சில விசித்திரமான பற்கள் கிடைத்தன. அவர் ஒரு வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வெளியே உலாவிய அவருடைய மனைவி மேரி ஆன் சாலையோரக் கற்குவியலில் முதல் பல்லைப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. கதைதான், நிரூபணம் இல்லை.

அந்தப் பல் இலை தழை மென்று தேய்ந்த பல். ஊர்வனவற்றில் அப்படி மென்று தின்னும் மிருகம் எதையும் அன்றைக்கு யாரும் கண்டதில்லை. 1823-இல் சார்லஸ் லயல் அதைப் பாரிஸுக்கு எடுத்துப்போய் அந்தக் காலத்தின் பெரிய மேதை குவியேயிடம் காட்டினார். காண்டாமிருகத்தின் முன்பல் என்று சொல்லிவிட்டார் குவியே. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். மான்டெல் விடவில்லை. 1824-இல் லண்டனில் ஹன்டீரியன் மியூசியத்துக்குப் போய் அலமாரி அலமாரியாகத் தேடினார். அங்கே உதவியாளராக இருந்த சாமுவேல் ஸ்டச்பரி, இக்வானா என்ற தென்னமெரிக்க ஓணானின் பல்லை எடுத்துக் காட்டினார். அதே வடிவம், ஆனால் பல மடங்கு பெரிசு! 1825-இல் 'இக்வானோடான்' என்ற பெயரில் மான்டெல் அதை வெளியிட்டார். இக்வானோடான் என்றால் இக்வானாப் பல் என்று அர்த்தம். அதற்கு முந்தைய வருடமே குவியேயும் தன் கருத்தை மாற்றிக்கொண்டிருந்தார். 'டைனோசர்' என்ற சொல்லே பிறக்காத காலம் அது. அந்தச் சொல் 1842-இல்தான் வந்தது.

பைத்தியம் முற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் மான்டெல்தான் உதாரணம். வீடே மியூசியமாகிவிட்டது. வருமானம் போயிற்று. 1838-இல் தன் சேகரிப்பை 4,000 பவுனுக்கு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்க வேண்டி வந்தது. அடுத்த வருடம் மனைவியும் பிரிந்து போனார். (இந்தப் பத்தியை என் வீட்டில் படித்துக் காட்டவில்லை!)

அவருடைய மகன் வால்டர் நியூசிலாந்துக்குக் குடியேறினார். அந்த வழியாகச் சென்ற ஒரு பல் இன்றைக்கு வெலிங்டன் நகர மியூசியத்தில் இருக்கிறது. அது ஒட்டப்பட்டிருக்கும் அட்டையில் மான்டெல் தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: தான் குவியேக்கு அனுப்பிய முதல் பல் இதுதான், காண்டாமிருகத்தின் பல் என்று அவர் சொன்னதும் இதைத்தான் என்று. அந்த இரண்டு வரிச் சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் பழுப்பு நிறக் கல். சீட்டு இருப்பதால் அது வரலாறு.

பல்லுக்குப் பெயர் வைத்தவர்

அடுத்தது அமெரிக்கா. 1855 வாக்கில் ஃபெர்டினாண்ட் ஹேடன் என்ற நிலவியலாளர் இப்போதைய மான்டனா மாநிலத்தில் ஜூடித் நதிப் பக்கம் சில பற்களைப் பொறுக்கிவந்தார். பிலடெல்பியாவில் இருந்த ஜோசப் லெய்டி 1856-இல் அவற்றுக்குப் பெயர் வைத்தார். டிராக்கோடான், டெய்னோடான், ட்ரூடான் எல்லாம் அப்போது வந்த பெயர்கள்தான். அமெரிக்காவில் எலும்பை வைத்துப் பெயர் சூட்டப்பட்ட முதல் டைனோசர்களின் பட்டியலே பல் பட்டியல்தான் என்று சொல்லலாம்.

ஆனால் ஒரு பல்லை வைத்து ஒரு மிருகத்தைக் கட்டுவது ஆபத்தான வேலை. ட்ரூடானை லெய்டி முதலில் பல்லி என்று நினைத்தார். பிறகு வேறொருவர் மண்டை தடித்த டைனோசரோடு சேர்த்தார். 1980களில் பெரிய கண்ணும் பெரிய மூளையும் கொண்ட சின்ன வேட்டை டைனோசர் ஆயிற்று. 2017-இல், அந்த ஒரு பல்லை வைத்து எந்த இனத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். நம்மில் சிலருக்கு ப்ராஞ்ச் மாறியதை விட அதிகம் தடவை இந்தப் பல்லுக்கு வீடு மாறியிருக்கிறது. இந்த ட்ரூடான் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அது நம் ஊருக்கும் வரப்போகிறது.

நம் ஊர்க் கடல்

சென்னையிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் பெரம்பலூர் தாண்டி பாடாலூர் வந்ததும் கிழக்கே திரும்பினால் ஊட்டத்தூர், காரை என்று கிராமங்கள் வரும். அங்கிருந்து அரியலூர் வரை, ஏறக்குறைய 11 கோடி வருடத்துக்கு முன்னாலிருந்து 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் வரை, பெரும்பாலும் கடல். அந்தக் கடலின் அடிமண்தான் இன்றைக்கு சிமென்டாக மாறி நம் வீட்டுத் தூண்களில் நிற்கிறது.

இங்கேயும் தொடங்கியவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள்தான். 1840 வாக்கில் சென்னை ராஜதானியின் சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரு அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். சிப்பிகளை ஆராய்ந்து எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் எழுதினார். அதற்கு முந்தைய வருடமே புதுச்சேரிப் பக்கத்துச் சுறா முதலிய மீன்களின் எச்சங்களைப் பற்றி ஃபிலிப் எகர்ட்டன் எழுதியிருந்தார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதி முழுக்க நடந்து பாறைகளை வரைபடமாக்கி 1862-இல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பாறை அடுக்குகளுக்கு நம் ஊர்ப் பெயர்கள் உலகப் புத்தகங்களில் ஏறின.

1879-இல் ரிச்சர்ட் லிடெக்கர் என்பவர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் கிடைத்த ஒரு மாமிச டைனோசர் பல்லை 'மெகலோசாரஸ்' என்று விவரித்தார். இங்கிலாந்தில் 1824-இல் வைக்கப்பட்ட பெயர் அது. அந்தக் காலத்தில் மாமிசம் தின்ற டைனோசர் பல் எங்கே கிடைத்தாலும் மெகலோசாரஸ்தான். மடகாஸ்கர் தீவில் கிடைத்த பல்லுக்கும் 1896-இல் இதே பெயர்தான் வைத்தார்கள். அது இன்றைக்கு மஜுங்காசாரஸ். ஆனாலும் லிடெக்கர் எழுதிய அந்தச் சில பக்கங்களால்தான், அரியலூர்ப் பக்கம் டைனோசர் நடமாடியது என்பது 140 வருடத்துக்கு முன்பே பதிவாயிற்று. பெயர் தப்பாக இருக்கலாம், பதிவு தப்பவில்லை.

அரியலூர் அடுக்குகளின் மேல்பகுதியில் கல்லமேடு என்ற இடத்தில் கடல் ஒதுங்கி ஆற்று மண் படிந்திருக்கிறது. 1980களின் இறுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் அங்கே கிடைத்த பெரிய எலும்புகளுக்குப் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிருகத் காயம் என்றால் பெரிய உடம்பு. உலகத்தின் மிகப் பெரிய நிலவாழ் மிருகங்களில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் காட்டுவதற்கு இன்று எலும்பு இல்லை. ஏற்கெனவே இற்றுப்போயிருந்த அந்த எலும்புகள் நம் மழைக்கும் ஈரத்துக்கும் தாங்காமல் நொறுங்கிப் போய்விட்டன. மிச்சம் இருப்பது படங்களும் அளவுகளும்தான். அவற்றை வைத்துத்தான் இன்னும் விவாதம் நடக்கிறது.

அதே கல்லமேட்டு மண்ணில்தான் சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஒரு பல் கிடைத்தது. அஞ்சலி கோஸ்வாமி, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜி.வி.ஆர். பிரசாத் முதலியோர் 2013-இல் அதை வெளியிட்டார்கள். அது ட்ரூடான் குடும்பத்துப் பல் என்பது அவர்கள் முடிவு. அதுவரை அந்தக் குடும்பம் வட கண்டங்களில் மட்டுமே இருந்ததாகக் கருதப்பட்டது. இந்தியாவோ அன்றைக்கு மடகாஸ்கரை விட்டுப் பிரிந்து கடலில் வடக்கே நகர்ந்துகொண்டிருந்த தீவு. அப்படியானால் இது எப்படி இங்கே வந்தது? ஒற்றைப் பல்லை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்கட்டும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்கி எடுத்த ஒரு பல், ஒரு கண்டத்தின் பயணத்தைப் பற்றிக் கேள்வி எழுப்புகிறது. எந்த ஊர், எந்த அடுக்கு என்று பதிவு இருந்ததால்தான் அந்தக் கேள்வியே எழுந்தது.

சந்தைக்கு வந்த பல்

இனி என் அலமாரிக்கு வருவோம். வேலை விஷயமாக அமெரிக்கா போயிருந்தபோது, அரிசோனாவில் டூசான் நகரத்தில் வருடாவருடம் நடக்கும் கற்கள் கண்காட்சியைப் பார்க்கப் போனேன். ஊர் முழுக்க ஓட்டல் அறைகளிலும் கூடாரங்களிலும் கடை போட்டிருக்கிறார்கள். நம் புத்தகக் கண்காட்சியும் பொங்கல் சந்தையும் சேர்ந்த மாதிரி கூட்டம். அங்கே டைனோசர் பல் தட்டுத் தட்டாக இருக்கிறது. பெரும்பாலானவை மொராக்கோ நாட்டின் கெம் கெம் பகுதியிலிருந்து வந்தவை. அங்கே பாலைவனத்துக் குன்றுகளில் ஏழைத் தொழிலாளிகள் கையாலேயே சுரங்கம் குடைந்து எடுக்கிறார்கள். அங்கே ஒரு இடத்தில் கிடைத்த பற்களை எண்ணிப் பார்த்தபோது கிட்டத்தட்ட பாதி ஸ்பைனோசாரஸ் பல்லாக இருந்தது. அதனால் ஸ்பைனோசாரஸ் பல் மலிவு, கார்கரோடோன்டோசாரஸ் பல் விலை கூடுதல்.

இந்த கார்கரோடோன்டோசாரஸின் கதையைக் கேளுங்கள். 1925-இல் அல்ஜீரியாவில் கிடைத்த இரண்டு பற்களை வைத்துத்தான் அதற்கு முதலில் பெயர் சூட்டினார்கள். அந்தப் பற்கள் பிறகு தொலைந்தே போயின. எகிப்தில் கிடைத்த எலும்புகளை ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் 1931-இல் அதோடு சேர்த்து, சுறாப்பல் பல்லி என்ற பொருளில் இந்தப் பெயரைக் கொடுத்தார். 1944 ஏப்ரலில் மியூனிக் மியூசியத்தில் விழுந்த குண்டில் அந்த எலும்புகளும் சாம்பல். ஆனால் ஸ்ட்ரோமரின் குறிப்புகளும் போட்டோக்களும் மிஞ்சின. அந்தப் போட்டோக்களைத் திரும்பப் பார்த்த ஆய்வாளர்கள் 2025-இல், எகிப்து மிருகம் வேறு இனம் என்று சொல்லி 'டாமெரிராப்டர்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். எலும்பு அழிந்து 80 வருடம் கழித்து, பேப்பரை வைத்தே ஒரு புது டைனோசர்!

சந்தையில் போலியும் உண்டு. உடைந்த இரண்டு பல்லை ஒட்டி ஒன்றாக்குவார்கள். ஒட்டிய இடத்தில் பசையோடு மணலைக் கலந்து பூசிவிடுவார்கள். புற ஊதா விளக்கில் பசை வேறு நிறமாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் ரம்ப விளிம்பு நடுவில் திடீரென்று நின்றுபோவது தெரியும். முதலைப் பல்லையே டைனோசர் பல் என்று தலையில் கட்டுவதும் நடக்கிறது.

ஆனால் என்னை உறுத்தியது போலி இல்லை. அசல் பல்லிலும் சீட்டில் 'கெம் கெம், மொராக்கோ' என்று மட்டும்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள பகுதி அது. 'தமிழ்நாடு' என்று மட்டும் எழுதிய விலாசம் மாதிரி. நம் பாஷையில் சொன்னால், டிராயிங் நம்பர் இல்லாத ஸ்பேர் பார்ட். பளபளவென்று இருக்கும், எந்த மெஷினுக்கு என்று யாருக்கும் தெரியாது.

என்னிடம் இருப்பதில் மிகச் சின்னது, ஒரு வாத்து மூக்கு டைனோசரின் தேய்ந்து விழுந்த பல். என் சுண்டுவிரல் நகம் அளவு. விலையும் அதுதான் குறைவு. ஆனால் மான்டனாவில் எந்தக் கவுண்டி, எந்த அடுக்கு, என்றைக்கு எடுத்தது, நிலத்துச் சொந்தக்காரரின் அனுமதி, எல்லாம் எழுதிய சீட்டு அதற்கு மட்டும்தான் இருக்கிறது. யாராவது வீட்டுக்கு வந்தால் நான் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் தனியார் நிலத்தில் கிடைத்ததை விற்கலாம். 1997-இல் 'சூ' என்ற டைரனோசாரஸ் 83 லட்சம் டாலருக்கும், 2020-இல் 'ஸ்டான்' 3 கோடியே 18 லட்சம் டாலருக்கும் ஏலம் போயின. ஆனால் அரசு நிலத்தில் முதுகெலும்புள்ள மிருகத்தின் எச்சத்தை அனுமதி இல்லாமல் எடுக்கக்கூடாது என்று 2009-இல் தனிச் சட்டம் வந்தது. மங்கோலியாவிலிருந்து கடத்தப்பட்ட ஒரு டார்போசாரஸ் 2012-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. வழக்கு நடந்து 2013-இல் சொந்த நாட்டுக்கே திரும்பியது. நம் நாட்டில் புவிப் பாரம்பரிய இடங்களையும் பொருள்களையும் காக்க ஒரு மசோதாவின் வரைவை 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்காக வெளியிட்டார்கள்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் விதி எளிது. நம் ஊர் மண்ணிலிருந்து எனக்கென்று எதையும் எடுப்பதில்லை, வாங்குவதும் இல்லை.

தோண்டுவது நாம்தான்

ஜூனியர்களுக்கு ஒரு வார்த்தை. அன்றைக்கு டாக்டரும் சிவில் சர்வீஸ் அதிகாரியும் சர்வேயரும் இவற்றைக் கண்டுபிடித்தார்கள் என்றால், அவர்கள்தான் அன்று வெளியில் சுற்றியவர்கள். இன்றைக்கு பூமியைத் தோண்டுவது யார்? நாம்தான். சுரங்கம், ரோடு, கால்வாய், அஸ்திவாரம், எல்லாவற்றிலும் ஜே.சி.பி. பக்கத்தில் ஹெல்மெட் போட்டு நிற்பது நம் காலேஜ் பையனோ பெண்ணோதான். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் கிரஷருக்குள் போய்விட்டால் திரும்ப வராது. சுரங்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சிமென்ட் இல்லாமல் எனக்கும் பிழைப்பில்லை. ஐந்து நிமிடம் நின்று பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வித்தியாசமாக எதையாவது பார்த்தால் சுத்தியலை எடுக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே ஒரு ரூபாய்க் காசோ பேனாவோ பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். போனில் இருக்கும் ஜி.பி.எஸ். அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த அடுக்கு, தரைமட்டத்திலிருந்து எத்தனை அடி ஆழம், தேதி, இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு பக்கத்துப் பல்கலைக்கழக நிலவியல் துறைக்கோ புவியியல் ஆய்வுத் துறைக்கோ தகவல் கொடுங்கள். அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். 2020-இல் குன்னம் பக்கம் 'டைனோசர் முட்டை' என்று ஊரே திரண்டது நினைவிருக்கும். வல்லுநர்கள் வந்து பார்த்து, அம்மோனைட் என்ற கடல் உயிரைச் சுற்றி உருண்டு திரண்ட கல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நீங்கள் எழுதும் அந்தத் தாள் ஐம்பது வருடம் யாருக்கும் உதவாமல் ஒரு டிராயரில் கிடக்கலாம். லிடெக்கரின் பக்கங்களும் ஸ்ட்ரோமரின் போட்டோக்களும் அப்படித்தான் கிடந்தன.

ரீயூனியன் அன்று ஆறு பற்களையும், பூதக்கண்ணாடியையும் கொண்டு வருகிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு யார் வேண்டுமானாலும் கையில் எடுத்துப் பார்க்கலாம். குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: பல்லைத் திருப்பி வைக்கும்போது அதனதன் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.